டிம் லைட் எட்டும் தூரம்: ராமநாதபுரம் கடற்கரைச் சாலைகளில் கார் ஓட்டுவோருக்கு

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், அங்கிருந்து ராமநாதபுரம், கீழக்கரை, ஏர்வாடி விலக்கு, சாயல்குடி என்று போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேடும் இல்லை, மலையும் இல்லை. பல இடங்களில் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ரோடு கிடக்கும். எதிரே பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்தால் அதிகம். கால் தானாகவே ஆக்சிலரேட்டரில் அழுந்தும். எங்கள் பட்டறைக்கு இழுத்து வரப்படுகிற, இனி சரிசெய்ய முடியாத கார்களில் பல இப்படி நேராகக் கிடக்கிற ரோட்டில் அடிபட்டவைதான். ஓட்டியவர் சொல்வதும் பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "திடீர்னு முன்னாடி வந்துருச்சு."

எதுவும் திடீரென்று வருவதில்லை. நின்றுகொண்டிருந்ததை நாம்தான் தாமதமாகப் பார்க்கிறோம். இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. காரின் டிம் லைட்டில் ரோட்டில் கிடக்கும் ஒரு பொருள் தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய 60 மீட்டருக்குள். கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகும். காய்ந்த தார் ரோட்டில், நல்ல டயரோடு, முழு பிரேக் போட்டால் 70 கி.மீ. வேகத்தில் போகும் கார் மொத்தம் 56 மீட்டரில் நிற்கும். 80-ல் போனால் 69 மீட்டர். 100-ல் போனால் 97 மீட்டர்.

இதையே 60 மீட்டரில் ஒரு லாரி நிற்பதாக வைத்துப் பாருங்கள். 70-ல் வந்தவர் லாரிக்கு நான்கு மீட்டர் முன்னால் நின்று, அந்த டிரைவரைத் திட்டிவிட்டுப் போவார். 80-ல் வந்தவர் சுமார் 40 கி.மீ. வேகத்தில் இடிப்பார், பெல்ட் போட்டிருந்தால் பிழைக்க வாய்ப்புண்டு. 100-ல் வந்தவருக்கு பிரேக்கில் கால் படும்போதே 42 மீட்டர் தீர்ந்திருக்கும். மிச்சமுள்ள 18 மீட்டரில் வேகம் கொஞ்சம்தான் குறையும். 80-க்கு மேலான வேகத்தில் மோதுவார். நடுவில் தடுப்புச் சுவர் இல்லாத இருவழிச் சாலையில் கார்களுக்கு மத்திய அரசு 2018-ல் வைத்த உச்ச வேகம் 70. அதிகாரிகள் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

மதுரையிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல். பரமக்குடி வரை நான்குவழி. அங்கே ஒரு மணி நேரம் 100-ல் வந்த பழக்கத்தில், அதற்கப்புறம் வரும் இருவழி ரோட்டில் 85 என்பதுகூட ஊர்வது போலத் தோன்றும். கண்ணும் காதும் வேகத்துக்குப் பழகிப்போயிருக்கும். ஸ்பீடாமீட்டரைப் பார்க்காமல் அந்தப் பகுதியில் ஓட்டக் கூடாது. பரமக்குடி–ராமநாதபுரம் இடையிலான 46.7 கி.மீ. தூரத்தை நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. வேலை நடக்கும் காலத்தில் மாற்றுப்பாதை, மண் குவியல், பாதி கட்டிய சிறுபாலம் எல்லாம் வரும். அப்போது இரவுப் பயணத்தில் இன்னும் நிதானம் வேண்டும்.

சரி, அந்த 60 மீட்டருக்குள் இந்தப் பக்கத்தில் என்னதான் நிற்கும்? முதலில், பஞ்சராகியோ டீ குடிக்கவோ ரோட்டோரம் பாதி ஏற்றி நிறுத்திய லாரி. பின் விளக்கு எரியாது, சிவப்பு ஸ்டிக்கர் உப்பும் புழுதியும் படிந்து மங்கியிருக்கும். இந்த மோதலில் காரின் பானெட் லாரியின் அடியில் புகுந்துவிடும். பம்பரில் பெரிய அடி இருக்காது, கண்ணாடியும் கூரையைத் தாங்கும் தூணும் நசுங்கியிருக்கும். ஏர்பேக் காப்பாற்றாத விபத்து என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான், ஏனென்றால் அடி விழுவது முகத்துக்கு நேர் உயரத்தில்.

அடுத்தது விறகு டிராக்டர். சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேல விறகு வெட்டிக் கரிமூட்டத்துக்கு ஏற்றிப் போவது நடந்துகொண்டே இருக்கும் தொழில். டிரெய்லரின் அகலத்தைத் தாண்டி இருபுறமும் முள்கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் விளக்கு என்ற பேச்சே இல்லை. எதிரே வரும் டிராக்டரில் ஒரு லைட்தான் எரிகிறது என்றால் தூரத்திலிருந்து பைக் என்றே நினைப்போம். ஒற்றை விளக்கு எதைப் பார்த்தாலும் அது அகலமான வண்டி என்று வைத்துக்கொண்டு இடது பக்கம் ஒதுங்குவதுதான் இங்கே பிழைக்கும் வழி.

அறுவடைக் காலத்தில் ரோடே களமாகிவிடும். திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கம் நெல்; முதுகுளத்தூர், கமுதி பக்கம் மிளகாய். காயப்போட்டதைச் சுற்றி வண்டி ஏறாமல் இருக்கத் தலையளவு கல்லை வரிசையாக வைப்பார்கள். சாயங்காலம் மிளகாயை அள்ளிக்கொண்டு போவார்கள், கல் அங்கேயே கிடக்கும். பைக்காரருக்கு அது மரண அடி. காருக்கு இடது முன் டயரின் பக்கச் சுவர் கிழியும், ரிம் வளையும், வண்டி இடது பக்கம் இழுக்கும். விவசாயிக்கு உலர்களம் இல்லாதபோது ரோட்டில் காயப்போடுவதைக் குறை சொல்லிப் பயனில்லைதான். ஆனால் கல்லை எடுத்து ஓரம் போட ஐந்து நிமிடம் போதும். ஊர்க்காரர்கள் இதைச் சொன்னால் கேட்பார்கள், நாங்கள் சொன்னால் கேட்பதில்லை.

மழைக்காலத்தில் மாடுகள். ஈர மண்ணில் படுக்காமல் காய்ந்த தாரில் வந்து படுத்துவிடும். கறுப்பு மாடு, கறுப்பு ரோடு. கூடவே ரோட்டோரம் அடர்ந்த கருவேலங்காடு. அதன் உள்ளிருந்து ஆடு பாய்ந்தால் பின்னால் மந்தையே வரும். ஓர் ஆடு கடந்துவிட்டது என்று யாரும் வேகமெடுக்க வேண்டாம்.

ஆட்டைப் பார்த்ததும் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிப்பதுதான் கார் உருளுவதற்கு வழக்கமான தொடக்கம். தார் முடியும் இடத்தில் மழை மண்ணை அரித்துவிட்டிருக்கும். ஒரு சாண் பள்ளம் இருக்கும். இடது சக்கரங்கள் அதில் இறங்கும். பதறி வலது பக்கம் ஒடிப்போம். டயரின் சுவர் தார் விளிம்பில் தேய்ந்து, ஏறாமல் முரண்டு பிடித்து, சட்டென்று ஏறும். அப்போது கார் குறுக்கே எதிர்ப் பாதைக்குப் பாயும், இல்லையென்றால் கவிழும். செய்ய வேண்டியது: ஸ்டீயரிங்கை நேராக இறுக்கிப் பிடியுங்கள். ஆக்சிலரேட்டரை விடுங்கள். பிரேக்கை அமுக்கி மிதிக்காதீர்கள். சக்கரம் மண்ணிலேயே ஓடட்டும். வேகம் 30-க்குக் கீழே வந்ததும், விளிம்பு தாழ்ந்த இடம் பார்த்து மெதுவாக ஏற்றுங்கள். ஏ.பி.எஸ். (முழு பிரேக்கிலும் சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் வசதி) உள்ள காரில், தாரிலேயே இருக்கும்போது பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டே கொஞ்சமாகத் திருப்பலாம். காலுக்கடியில் பெடல் அதிரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள்.

ஓவர்டேக் பற்றி ஒரு கணக்கு மட்டும். 60-ல் போகும் லாரியை 80-ல் கடக்கச் சுமார் பத்து நொடி ஆகும். அந்தப் பத்து நொடியில் நீங்கள் 220 மீட்டர் போவீர்கள், எதிரே 80-ல் வருகிறவரும் அதே தூரம் வருவார். ஆக 450 மீட்டர் காலியாகத் தெரிய வேண்டும். சித்திரை, வைகாசி உச்சி வெயிலில் இந்தத் தட்டையான ரோட்டில் கானல் நீர் அலையும். எதிரே வரும் பைக்கின் கீழ்ப்பாதியை அது விழுங்கிவிடும். காலியாகத் தெரிவதெல்லாம் காலி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாம்பன் பாலத்துக்கு வருவோம். 1988-ல் திறந்த சாலைப் பாலம் இருவழிதான், நிறுத்த இடமே கிடையாது. புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு வேடிக்கை பார்க்க நிறுத்துகிறவர்கள் இன்னும் கூடியிருக்கிறார்கள். செல்ஃபி எடுக்க வலது பக்கக் கதவைத் திறக்கிறவர், பின்னால் பஸ் வருகிறதா என்று பார்ப்பதில்லை. ஆடி மாதத்துக் கச்சான் காற்று வீசும்போது, பஸ் கடந்து போகிற நொடியில் காற்று மறைந்து, அடுத்த நொடி மொத்தமாக அறையும். மேலே கேரியரில் சுமை கட்டிய கார் ஒரு அடி நகர்ந்துவிடும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், வேகம் 40. தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை போகும் ரோட்டில் காற்று மணலைத் தாரில் பரப்பி வைத்திருக்கும். மணல்மேல் பிரேக் போட்டால் டயர் உருளைமேல் நிற்பது போல வழுக்கும். பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் கிளம்புவது அங்கே இன்னொரு தொல்லை.

அதிகாலையில் மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரையிலிருந்து கிளம்பும் மீன் வண்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். மீன் கொழுப்பு கலந்த அந்தத் தண்ணீர் திருப்பங்களில் எண்ணெய் மாதிரி. காரைவிட பைக்குக்குத்தான் ஆபத்து என்றாலும், விழுந்த பைக்காரர்மேல் ஏறுவது பின்னால் வரும் கார்தான்.

தூக்கம் தனியாகச் சொல்ல வேண்டியது. தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசைக்கு விடியலில் அக்னி தீர்த்தத்தில் நிற்க வேண்டும் என்று சென்னையிலிருந்து இரவு எட்டு மணிக்குக் கிளம்புகிறார்கள். 550 கி.மீ.க்கு மேல். மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உடம்பு தூங்கியே தீரும். 90-ல் போகும்போது நான்கு நொடி கண் அசந்தால் கார் 100 மீட்டர் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. இப்படி நடந்த விபத்தைப் பார்த்தாலே தெரியும்: ரோட்டில் பிரேக் பிடித்த தடமே இருக்காது. ஏ.சி.யைக் கூட்டுவது, பாட்டு வைப்பது, முகம் கழுவுவது எதுவும் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஒரு டீயோ காப்பியோ குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் தூங்குங்கள். எழும்போது காப்பியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். வாடகை வேன் டிரைவர் என்றால், நீங்கள் 22 தீர்த்தம் ஆடி முடிக்கும்வரை அவர் வெயிலில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கே கன்னியாகுமரி என்று அவரைக் கிளப்பினால் இன்னும் 300 கி.மீ. சட்டப்படி அவருக்கு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. ஒரு அறை எடுத்துக் கொடுங்கள்.

கடற்கரைக் கார்களுக்கென்றே உள்ள நோய் உப்பு. காரின் அடியில் ஓடும் பிரேக் பைப், கிளிப் போட்ட இடங்களில்தான் முதலில் அரிக்கும். மேலே பெயிண்ட் உப்பியிருந்தால் உள்ளே பாதி போயிருக்கும். சாதாரண பிரேக்குக்குத் தாங்கும். உயிர் போகிற நேரத்தில் முழு அழுத்தம் கொடுக்கும்போது வெடிக்கும். பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் ஊசி (pin) துருவேறி இறுகினால் ஒரு பக்க பிரேக் பேடு மட்டும் பிடிக்கும், கார் ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். ஹெட்லைட்டின் எர்த் வயர் இணைப்பில் துரு ஏறினால் பல்பு புதிதாக இருந்தும் வெளிச்சம் மங்கும், மேலே சொன்ன 60 மீட்டர் 40 ஆகும். மாதம் ஒரு முறை அடிப்பகுதியைக் கழுவுவது நல்லதுதான், ஆனால் எந்தத் தண்ணீரில்? இங்கே பல வாட்டர் சர்வீஸ் கடைகளின் போர் தண்ணீரே உவர். வாயில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் கழுவாமலே இருக்கலாம்.

டயரில் கடைசியாக உள்ள நான்கு இலக்கத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் (ரோட்டில் படும் பக்கத்து வரிப்பள்ளம்) நன்றாக இருந்தாலும் ஆறு வயது தாண்டிய டயரை இந்த வெயிலில் நம்பக் கூடாது. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்கு இறங்கிவிட்டால் சட்டப்படியே கழிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு 3 மி.மீ.யாவது இருப்பது நல்லது. காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரில் ஆள் நிறைந்தால் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும். சூட்டுக்குப் பயந்து காற்றைக் குறைத்து வைப்பது தலைகீழான யோசனை: காற்று குறைந்த டயர்தான் அதிகம் மடங்கிச் சூடாகி வெடிக்கிறது.

பின் சீட்டில் பெல்ட் போடாதவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்பது இருக்கட்டும். மோதலில் அவர் முன் சீட்டில் இருப்பவரின் முதுகில் போய் விழுகிறார். 50 கி.மீ. வேகத்தில் மோதும்போது மடியில் இருக்கும் பத்து கிலோ குழந்தை நூறு கிலோவுக்கும் மேலாகக் கனக்கும். எந்தத் தாயின் கையும் பிடித்து நிறுத்தாது. முன் சீட்டு மடியில் இருந்தால் ஏர்பேக்கே குழந்தையைக் கொன்றுவிடும். அலாரம் அடிக்காமல் இருக்கக் கடைகளில் விற்கும் வெற்று பக்கிளைப் பார்த்தால் பிடுங்கி எறியுங்கள். கர்ப்பிணிகள் பெல்ட்டின் கீழ்ப்பகுதியை வயிற்றின்மேல் போடாமல் அடிவயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பில் படும்படி போட வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால், முதலில் இன்ஜினை நிறுத்தி நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். முக்கோணப் பலகையைக் காருக்குப் பின்னால் குறைந்தது 50 மீட்டரில் வையுங்கள், இரவென்றால் 100. பலகை இல்லையென்றால் ஒருவர் செல்போன் டார்ச்சோடு ரோட்டுக்கு வெளியே நின்று ஆட்டட்டும். தீ இல்லாதவரை, அடிபட்டவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்த இழுவையில் வாழ்நாள் முழுக்க நடக்க முடியாமல் போகும். ரத்தம் கொட்டும் இடத்தைத் துணி வைத்து அழுத்தியே பிடியுங்கள், எட்டிப் பார்க்க எடுக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள்.

108-ல் கேட்கும் முதல் கேள்வி எந்த இடம் என்பது. தேவிபட்டினத்துக்கு வடக்கேயோ சாயல்குடிக்கு முன்னாலோ இரவில் சுற்றிலும் கருவேலமும் உப்பளமும்தான். அடையாளம் சொல்ல ஒன்றுமிருக்காது. பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் இருக்கும் எண், கடைசியாகக் கடந்த ஊர், எந்த ஊரை நோக்கிப் போனீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே 50 கி.மீ.க்கு மேல், மதுரை என்றால் 170. ஆம்புலன்ஸ் இடம் தேடி அலையும் பத்து நிமிடம் இங்கே பெரிய நேரம். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய நம்மைக் காக்கும் 48 திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம். உதவப் போனவரைப் பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவோ சாட்சியாக இழுத்தடிக்கவோ கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவும் அதன் விதிகளும் சொல்கின்றன. கல்லின் எண்ணைச் சொல்லி, ஆம்புலன்ஸ் வரும்வரை டார்ச் காட்டிவிட்டு, நீங்கள் பாட்டுக்குக் கிளம்பிவிடலாம்.