தலசீமியா பிள்ளைகளின் கண்ணுக்கு வருடம் ஒரு பரிசோதனை: திருகோணமலையில் கேட்டுப் பெறுவது எப்படி

தலசீமியா என்பது உடம்பில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை இரத்த நோய்; அதனால் பிள்ளைகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டும். இரத்தம் ஏற்றும் நாளில் வார்டில் தாய்மார் ஒருவரையொருவர் கேட்பது இரண்டே கேள்வி. ஹீமோகுளோபின் எத்தனை? பெரிட்டின், அதாவது உடம்பில் தேங்கிய இரும்பைக் காட்டும் அளவு, எத்தனை? "பிள்ளையின் கண்ணைக் கடைசியாக எப்ப பார்த்தவை?" என்று யாரும் கேட்டு நான் காணவில்லை. அக்காவின் மகனோடு 11 வருடமாக இந்தக் கட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் ஏழு வருடம் நானும் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உரிமையைச் சொல்லிவிடுகிறேன். தலசீமியா உள்ளவர் அரச ஆஸ்பத்திரியில் இரத்தம், அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் தேங்கும் இரும்பை இறக்கும் மருந்து, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றை இலவசமாகப் பெறுவது போலவே கண் பரிசோதனையையும் இலவசமாகப் பெறலாம். கண்ணில் பிரச்சினை கண்டால் செய்யும் சிகிச்சையும் அதே இலவச சுகாதார சேவைக்குள்தான் வருகிறது. இதற்கு விண்ணப்பப் படிவம் இல்லை, வருமானச் சான்றிதழும் வேண்டாம். ஆனால் படிவம் இல்லாத உரிமையில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்களைக் கூப்பிட்டுக் கொடுக்க ஒருவரும் பட்டியல் வைத்திருப்பதில்லை. நீங்கள் கேட்டால்தான் கடிதம் எழுதுவார்கள்.

சரி, இரத்த நோய்க்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு? கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. உடம்புக்குள்ளே ஓடும் இரத்தக் குழாய்களை வெட்டாமல் கொத்தாமல் நேராகப் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். தலசீமியாவில் அந்தக் குழாய்கள் சிலருக்கு வீங்கி, வளைந்து நெளிந்து போயிருக்கும். இது மட்டும் இருந்தால் பெரும்பாலும் பார்வை கெடாது. கவலைப்பட வேண்டியது அதற்கும் பின்னால் இருக்கிற மெல்லிய படலத்தைப் பற்றி. வயது ஏற ஏற, சிலருக்கு அந்தப் படலம் மீள்தன்மையை இழந்து, வற்றிய குளத்துச் சேறு போல வெடிக்கும். வெடிப்பு வழியே புதுக் குழாய்கள் முளைக்கும். புதுக் குழாய்களுக்கு உறுதி இல்லை. அவை கசியும், இரத்தம் வடியும். அது நடுப்பார்வை இருக்கும் இடத்தில் நடந்தால் எழுத்து வாசிப்பதும் ஆளின் முகம் தெரிவதும் போய்விடும். நேரத்தோடு கண்டுபிடித்தால் கண்ணுக்குள் போடும் ஊசியால் அந்தக் குழாய்களை அடக்கலாம். பிந்தினால் தழும்புதான் மிஞ்சும், தழும்புக்கு மருந்து இல்லை.

இந்த வெடிப்பு இருப்பவர்களுக்குக் கண்ணில் ஒரு சின்ன அடி பட்டாலும் உள்ளே இரத்தம் கசியலாம். கடற்கரையில் கிரிக்கெட் விளையாடுகிற பெடியன்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். விளையாட வேண்டாம் என்று தடுக்கச் சொல்லவில்லை. வெடிப்பு இருக்கிறதா என்று தெரிந்தால் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு விளையாடலாம், அவ்வளவுதான்.

மருந்தாலும் கண்ணுக்குப் பிரச்சினை வரலாம். இரவில் பம்ப் மூலம் ஏற்றும் டெஸ்ஃபெரல் என்ற இரும்பு இறக்கும் மருந்து விழித்திரையைப் பாதிக்கக்கூடியது. உடம்பில் இரும்பு குறைந்த பிறகும் மருந்தின் அளவு கூடுதலாகவே இருந்தால் ஆபத்து அதிகம். மாலை மங்கிய பின் வழி தடவுவது, நிறம் மாறித் தெரிவது எல்லாம் அதன் அறிகுறி. அதே வேலைக்கான டிஃபெராசிரொக்ஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கும், தொடங்க முன் ஒரு தடவையும் பிறகு 12 மாதத்துக்கு ஒரு தடவையும் கண்ணையும் காதையும் பார்க்க வேண்டும் என்று மருந்தின் அறிவுறுத்தலிலேயே இருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அல்ல, அந்த மருந்து கொடுக்கும் முறையின் ஒரு பகுதி. இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. தேங்கிய இரும்பு இதயத்தைக் கெடுக்கும். அளவைக் குறைப்பதா மாற்றுவதா என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பார்வை பெரும்பாலும் திரும்பி வரும்.

தலசீமியா மரபணுவோடு, சிவப்பணுக்களை அரிவாள் போல வளைக்கும் அரிவாள் செல் நோயின் மரபணுவும் சேர்ந்தவர்கள் இலங்கையிலும் இருக்கிறார்கள். அவர்களின் கதை வேறு. வளைந்த சிவப்பணுக்கள் விழித்திரையின் ஓரத்துச் சின்னக் குழாய்களை அடைத்துவிடும். இரத்தம் போகாத இடத்தைத் தேடிப் புதுக் குழாய்கள் விசிறி போல விரியும். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவின் பவளப் பாறைகளைத் தண்ணீருக்குள் பார்த்தவர்களுக்குக் கடல் விசிறி தெரிந்திருக்கும். கண் மருத்துவர்கள் இந்தக் குழாய்களுக்கு அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அது உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கொட்டும் வரை நோயாளிக்கு ஒன்றும் தெரியாது, வலியும் இருக்காது. அரிவாள் செல் உள்ள பிள்ளைக்கு 10 வயதளவில் கண் பரிசோதனையைத் தொடங்கிவிட வேண்டும். தேவைப்பட்டால் லேசர் செய்வார்கள்.

நோயின் மரபணுவை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்ற காவிகளுக்கு, அதாவது பெரும்பாலான அம்மா அப்பாமாருக்கு, இந்தக் கண் பிரச்சினைகள் பொதுவாக வருவதில்லை. அவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

இனி நடைமுறை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலோ எங்கே இரத்தம் ஏற்றினாலும் கேட்க வேண்டிய இடம் ஒன்றுதான்: உங்களுடைய பிள்ளைகள் கிளினிக் அல்லது மெடிக்கல் கிளினிக் டொக்டர். இரத்தம் ஏற்ற வரும் நாளிலேயே கேளுங்கள். "டொக்டர், இவருக்கு இந்த வருடம் கண்ணும் காதும் பார்க்கக் கடிதம் வேண்டும்" என்றால் போதும். அந்தக் கடிதத்தில் நோயின் பெயர், எந்த இரும்பிறக்கி மருந்து, எத்தனை வருடமாக, கடைசி பெரிட்டின் எவ்வளவு, மண்ணீரல் எடுத்ததா என்பதெல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாதி மிஸ்ஸிடம் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தை அன்றைக்கே கண் கிளினிக்குக் கொண்டுபோய்த் திகதி வாங்குங்கள். வெருகலில் இருந்தோ குச்சவெளியில் இருந்தோ வருகிறவர்கள், அடுத்த இரத்தம் ஏற்றும் நாளுக்குப் பக்கத்தில் திகதி தர முடியுமா என்று கேளுங்கள். ஒரு பயணம் மிச்சமாகும்.

கண் கிளினிக்கில் ஒரு விஷயத்தை வாய் திறந்து சொல்லுங்கள்: "கண்ணாடிக்குப் பவர் பார்க்க வரவில்லை, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வந்தோம்." அக்கா குடும்பம் வேறு மாவட்டத்தில் இருந்த காலத்தில், ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் தொடர்ந்து சுவரில் இருந்த எழுத்துகளை வாசிக்க விட்டு, 6/6, எல்லாம் நல்லம் என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் சந்தோஷமாக வந்துவிட்டோம். எழுத்துப் பலகையால் விழித்திரையின் ஓரம் தெரியாது. மூன்றாம் வருடம் மருந்து விட்டுப் பார்த்தபோதுதான் வெடிப்புக் கோடுகள் ஆரம்பித்திருப்பது தெரிந்தது. நல்ல காலம், நடுப்பார்வைக்கு வெளியே.

மருந்து விட்டால் கண்மணி விரிய அரை மணித்தியாலமளவு ஆகும். அப்புறம் சில மணித்தியாலம் வெயில் கூசும், கிட்டத்தில் எழுத்து தெரியாது. அன்றைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. கூட ஓர் ஆள் வரட்டும், தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ கொண்டு வாருங்கள். முடிவை கிளினிக் கொப்பியில் எழுதித் தரும்படி கேட்டு, அதை இரத்த டொக்டரிடம் காட்டுங்கள். அடுத்த வருடத் திகதியைக் கொப்பியின் முன்பக்கத்தில் நீங்களே எழுதி வையுங்கள்.

இங்கே இல்லாத சிகிச்சை தேவைப்பட்டால் கொழும்பு லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய கண் வைத்தியசாலை போன்ற வேறோர் இடத்துக்கு அனுப்புவார்கள். சிகிச்சை இலவசம்தான், போக்குவரத்துதான் நம் கையில். ஊசி மருந்து முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள் என்றும் சில சமயம் சொல்வார்கள். பணம் இல்லாதவர்கள் ஜனாதிபதி நிதியத்தை நாடலாம். 2025 பெப்ரவரி முதல் இதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை, உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதைச் சிகிச்சைக்கு முன்பே கேட்டு அறியுங்கள். படிவம் சிங்களத்தில் மட்டும் தந்தால் தமிழில் கேளுங்கள். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது.

பார்வை ஏற்கெனவே இழந்துவிட்ட குறைந்த வருமானக் குடும்பத்தவருக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. 2025 வரவு செலவுத் திட்டம் அதை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது. கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமோ கேளுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிழமைக்கு ஒரு தடவை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு மற்றக் கண். நேரான கம்பி வளைந்து தெரிந்தால், நடுவில் கரும்புள்ளி இருந்தால், திடீரென்று நூல் நூலாகவோ புகை போலவோ மிதந்தால், கிளினிக் திகதி வரும் வரை வைத்திருக்க வேண்டாம். போயா நாளாக இருந்தாலும், இரவாக இருந்தாலும், கொப்பியையும் எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். "தலசீமியாப் பிள்ளை, இன்றைக்குத்தான் பார்வை மாறியது" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்.