கறுத்த திரைக்குள் படம் இருக்கலாம்

ஒரு நாள் காலை கணினியைப் போட்டதும் என் மானிட்டர் இரண்டு நொடி படம் காட்டிவிட்டுக் கறுத்துப்போனது. அணைத்துப் போட்டேன். மறுபடி இரண்டு நொடி படம், மறுபடி இருட்டு. பொத்தானுக்கு அருகில் இருந்த சிறு விளக்கு மட்டும் வழக்கம்போல நீலமாக எரிந்துகொண்டிருந்தது. புதிது வாங்க வேண்டியதுதான் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்தேன். ஒளி விழுந்த வட்டத்துக்குள், தண்ணீருக்கு அடியில் தெரிவதுபோல மங்கலாக, கோப்புகளின் சின்னங்களும் மவுசின் அம்பும் தெரிந்தன. மவுசை நகர்த்தினேன்; அம்பும் நகர்ந்தது. படம் அங்கேயேதான் இருந்தது. வெளிச்சம்தான் போய்விட்டது.

எல்சிடி, அதாவது திரவப் படிகத் திரையில் படத்தை வரைவது ஒரு பகுதி, அதற்கு வெளிச்சம் தருவது வேறொரு பகுதி. பின்பக்கம் எல்இடி விளக்குகள். அவற்றின் ஒளியைத் திரை முழுவதும் சீராகப் பரப்ப வெண்ணிறத் தகடுகள். அவற்றுக்கு முன்னால், குறிப்பிட்ட ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற இரண்டு படலங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே திரவப் படிகம். படிகத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை மாற்றினால் அதன் மூலக்கூறுகள் திரும்பிக்கொள்ளும். அதற்கேற்ப ஒளி அதிரும் திசையும் மாறுவதால், இரண்டாவது படலத்தைத் தாண்டி எவ்வளவு ஒளி வெளியே வரலாம் என்பது ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியே தீர்மானமாகிறது. 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் இப்படி 20,73,600 புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு கதவுகள். அந்த 62 லட்சம் கதவுகளும் என் மானிட்டரில் ஒழுங்காகவே திறந்து மூடிக்கொண்டிருந்தன. நான் முன்னாலிருந்து அடித்த ஒளி உள்ளே போய், வெண்தகட்டில் பட்டுத் திரும்பி, அதே கதவுகள் வழியாக என் கண்ணுக்கு வந்தது. ஓஎல்இடி திரையில் இந்தச் சோதனை உதவாது. அங்கே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது.

திரவப் படிகத்தின் வரலாறு ஒரு தாவரவியலாளரிடம் தொடங்குகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. 1888-இல் ஃப்ரீட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியர், கொலஸ்டிராலிலிருந்து பெற்ற ஒரு சேர்மத்தைச் சூடாக்கினார். அது 145.5 டிகிரி செல்சியசில் உருகிக் கலங்கலான திரவமானது, 178.5 டிகிரியில் திடீரெனத் தெளிந்தது. ஒரே பொருளுக்கு எப்படி இரண்டு உருகுநிலை இருக்க முடியும்? அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். அதன் உறவினர்களைத்தான் நாம் இன்று மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

டார்ச் அடித்தும் எதுவும் தெரியவில்லை என்றால், கணினியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் போட்டுப் பாருங்கள். ‘நோ சிக்னல்’ என்ற எழுத்து வருகிறதா? வந்தால் நிம்மதி. பலர் அந்த எழுத்தைக் கண்டவுடனே மானிட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. அந்த எழுத்தை அனுப்புவதற்குக் கணினி இணைப்பிலேயே இல்லை. மானிட்டருக்குள் இருக்கும் சிப் தானே அதை வரைகிறது. அது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மின்சாரம், பின்னொளி, படிகத் திரை எல்லாம் நலம். கோளாறை வேறிடத்தில் தேடலாம்.

அந்த வேறிடம் பெரும்பாலும் கணினிக்கும் மானிட்டருக்கும் இடையே நடக்கும் உரையாடல். படத்தைக் கொண்டுவரும் எச்டிஎம்ஐ கேபிளின் முனையில் 19 தொடுமுனைகள் உண்டு. பதினெட்டாவதன் வழியாகக் கணினி 5 வோல்ட் அனுப்புகிறது. மானிட்டர் அதைப் பெற்று, பத்தொன்பதாவதன் வழியாக ‘நான் இருக்கிறேன்’ என்று பதில் காட்டுகிறது. உடனே கணினி, மானிட்டருக்குள் இருக்கும் சிறு நினைவகத்திலிருந்து அதன் அடையாளச் சீட்டை வாசிக்கிறது. அடிப்படைச் சீட்டு வெறும் 128 பைட்தான்: தயாரித்தவர் யார், எந்த ஆண்டு, என்னென்ன அளவுகளில் படம் காட்ட முடியும். இந்த அறிமுகம் நடுவில் அறுந்தால், எதிரே யாருமில்லை என்று எண்ணிக் கணினி படம் அனுப்பாமலே இருந்துவிடலாம். கேபிளை இரு முனையிலும் கழற்றிச் செருகினால் சரியாகிவிடுவது இதனால்தான்: அறிமுகம் முதலிலிருந்து நடக்கிறது. மானிட்டரின் மின்கம்பியைச் சுவரிலிருந்தே பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டுவைப்பதும் அப்படியே. பொத்தானால் அணைத்தால் அது தூங்குகிறது, அவ்வளவுதான். உள்ளிருக்கும் சிப் முழுவதும் ஓய்ந்து புதிதாகத் தொடங்க, மின்சாரம் அறவே நிற்க வேண்டும்.

கேபிள் பார்வைக்கு நன்றாக இருப்பது போதாது. 1920-க்கு 1080 படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப, எச்டிஎம்ஐயின் ஒவ்வொரு தடத்திலும் நொடிக்கு சுமார் 148 கோடி பிட் ஓட வேண்டும். நீள அகலம் இரண்டும் இரட்டிப்பான 4கே என்றால் அதைப்போல் நான்கு மடங்கு. சற்றே நைந்த கேபிள் முதலாவதைத் தாங்கி இரண்டாவதில் தோற்கும். ஆகவே குறைந்த அளவில் படம் வந்து, கூட்டினால் கறுத்துப்போனால், நான் முதலில் சந்தேகப்படுவது கேபிளைத்தான்.

படம் வரையத் தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் கேபிளை அதில் செருகாமல் மதர்போர்டின் (தாய்ப்பலகையின்) துளையில் செருகிவிடுவதும், மானிட்டர் மெனுவில் வேறு உள்ளீடு தேர்வாகியிருப்பதும் அடிக்கடி நடப்பவை. பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

கணினி உயிரோடு இருக்கிறதா என்றறிய விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால், உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். விண்டோசில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் படம் வரையும் மென்பொருள் மட்டும் புதிதாகத் தொடங்கும். விளக்கு மாறவே இல்லையென்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ரேமை (கணினியின் தற்காலிக நினைவகத்தை) கழற்றி அழுத்திச் செருகிப் பார்க்கலாம். கணினி தொடங்கும்போது நினைவகம் தயாராகாவிட்டால் திரைக்குப் படம் வருவதே இல்லை. டிடிஆர்5 வகை ரேமைப் புதிதாகப் போட்டவர்கள் அவசரப்பட வேண்டாம். முதல் முறை அது தன்னைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள்கூட ஆகும். அதுவரை திரை இருட்டாகத்தான் இருக்கும்.

மானிட்டரின் முதுகை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே நேர்மின்னாக மாறும்போது 320 வோல்ட்டைத் தாண்டும். கம்பியைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் அது தங்கியிருக்கலாம்.

என்னுடையதை ஒரு பழுதுநீக்குநர் திறந்து காட்டினார். மின்பலகையில் இரண்டு சிறு மின்தேக்கிகளின் தலை, சுட்ட அப்பளம்போல மேடிட்டிருந்தது. உள்ளிருக்கும் மின்பகுதிரவம் வெப்பத்தில் மெல்ல வறண்டுபோகும். பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பொதுக்கணக்கு. வலுவிழந்த அந்த இரண்டும் பின்னொளி கேட்ட மின்சாரத்தை இரண்டு நொடிக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாமல் கைவிட்டிருக்கின்றன. பாதுகாப்புச் சுற்று விளக்கை அணைத்திருக்கிறது. அவர் இரண்டையும் மாற்றிப் பற்றவைத்தார். இதை அந்தத் திரையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.