ஒரு வளவு, ஐந்து அடுப்பு

செட்டிநாட்டின் கானாடுகாத்தானில் ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீளும் வீட்டைக் காட்டி, உள்ளே இருப்பவர்கள் வசதியானவர்களா என்று கேட்டால், பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் பார்த்த மாத்திரத்தில் பலர் விடை சொல்லிவிடுவார்கள். புள்ளியியலாளர்கள் அவ்வளவு விரைவாகச் சொல்வதில்லை.

அவர்களின் முதல் கேள்வி, எது ஒரு குடும்பம் என்பது. இந்தியாவின் தேசிய மாதிரி ஆய்வு, வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களையே ஒரு குடும்பமாகக் கொள்கிறது. நகரத்தாருக்கு, அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு, இது புதிய இலக்கணம் அன்று. மணமான மகனை வேறு வைத்து, தனியே உலை ஏற்றச் செய்து, கோயில் வரிக்குத் தனிப் ‘புள்ளி’யாக, அதாவது தனிக் குடும்பமாக, கணக்கில் சேர்ப்பது அவர்களின் பழைய வழக்கம். ஒரே வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றி ஐந்து அடுப்புகள் எரிந்தால் ஐந்து குடும்பங்கள். அவற்றின் நிலை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வருமானத்தைக் கேட்டால் பலர் தயங்குவார்கள். விவசாயக் குடும்பத்திலோ அது மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் செலவைக் கேட்கிறார்கள். அதிலும் நினைவு ஒரு சிக்கல். போன மாதம் வாங்கிய காய்கறியை எவர் நினைவில் வைத்திருப்பார்? ஆகவே காய்கறி, மீன் போன்றவற்றுக்கு 7 நாள், அரிசிக்கு 30 நாள், துணிமணிக்கு 365 நாள் என்று கால அளவைப் பிரித்தார்கள். 2022-23 ஆய்வில் ஒரே வீட்டுக்கு மூன்று முறை சென்று கேட்டார்கள். ஒருவரின் சராசரி மாதச் செலவு ஊரகத்தில் ரூ.3,773, நகரத்தில் ரூ.6,459 எனத் தெரியவந்தது.

வீட்டையும் பொருளையும் எண்ணும் சொத்துக் குறியீடு செட்டிநாட்டில் எளிதில் ஏமாறும். பர்மாவில் ஈட்டிய செல்வம் போரிலும், 1948இன் நில நாட்டுடைமைச் சட்டத்திலும் கரைந்த பிறகும் வீடு மட்டும் நின்றது. பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்திட்டாலன்றி விற்க முடியாத வீட்டைக் கொண்டு மளிகைக் கடன் அடைக்க இயலாது. தேசியப் பல்பரிமாண வறுமைக் குறியீடு இங்கே சற்று நிதானமானது: ஒரு குடும்பத்துக்கு எவையெவை இல்லை என்று அது பார்க்கும் 12 குறைகளில் வீட்டுக்குரிய எடை 1/21 மட்டுமே, ஊட்டச்சத்துக்கு 1/6. குறைகளின் கூட்டு 1/3 எட்டினால் ஏழைக் குடும்பம்.

அரசுத் திட்டங்களுக்கும் அளவுகோல் வேண்டும். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம், நிலப்பரப்பு ஆகியவற்றுடன் ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்ற வரம்பும் வைக்கப்பட்டது. அறுபது அறைகளைப் பூட்டிவிட்டு இரண்டு விளக்கோடு வாழும் மூதாட்டி இந்த வரம்பைத் தாண்டமாட்டார். மின் கணக்குப் பெட்டிக்குத் தூண்களின் அழகு தெரியாது என்பது இங்கே நன்மையாகவே முடிகிறது.

உதவியைப் பற்றிய மனப்பான்மையை அளப்பது இன்னும் கடினம், ஏனெனில் கேள்வியின் சொல்லே விடையை வளைக்கும். அமெரிக்கப் பொதுச் சமூக ஆய்வில் ‘ஏழைகளுக்கு உதவி’ என்று கேட்டபோது அரசு இன்னும் செலவிட வேண்டும் என்றவர்கள், ‘வெல்ஃபேர்’ (அரசு நல உதவி) என்று கேட்டபோது அப்படிச் சொன்னவர்களைவிட மிகப் பலர். நம்மிடம் ‘இலவசம்’, ‘உதவித்தொகை’, ‘உரிமைத் தொகை’ என்று மூன்று சொற்கள் உண்டு. மூன்றுக்கும் ஒரே விடை வரும் என்று நான் நம்பவில்லை. கேட்கும் இடமும் முக்கியம். பங்காளிகள் திண்ணையில் அமர்ந்திருக்க, அந்த மூதாட்டியிடம் முகப்பில் வைத்துக் கேட்டால், “எங்களுக்கு எதுக்குப்பா அதெல்லாம்?” என்பார். வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் சென்று, அவருடைய அடுப்பருகே கேட்க வேண்டும்.