மூளை மடிப்புக்கு ஓர் எண்: அதை எப்போது நம்பலாம்?

மூளையின் மேலே போர்த்தியிருக்கும் சாம்பல் நிற அடுக்கான பெருமூளைப் புறணியின் தடிமன் சராசரியாக 2.5 மில்லிமீட்டர்தான். அதை விரித்துப் பரப்பினால் சுமார் 2,000 சதுர சென்டிமீட்டர் வரும். இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. இந்தச் சுருக்கத்தையும் மடிப்பையும் ஒரே எண்ணில் சொல்ல முயல்வதுதான் ஃபிராக்டல் பரிமாணம்.

இதை அளக்கப் பெட்டி எண்ணும் முறைதான் அதிகம் புழங்குகிறது. 1 மி.மீ. வாக்சல் (முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கனசதுரம்) கொண்ட டி1 எம்ஆர்ஐ படத்திலிருந்து (சாம்பல், வெண்பகுதிகளைப் பிரித்துக் காட்டும் காந்த அதிர்வுப் படம்) புறணியைப் பிரித்தெடுக்க வேண்டும். அதன் மேல் 32 மி.மீ. பெட்டிகளை அடுக்கி, புறணி எத்தனை பெட்டிகளைத் தொடுகிறது என்று எண்ண வேண்டும். பிறகு 16, 8, 4 என்று பெட்டியைப் பாதியாக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறை பாதியாக்கும்போதும் தட்டையான தாளுக்கு எண்ணிக்கை 4 மடங்காகும் (2-இன் 2-ஆம் அடுக்கு; பரிமாணம் 2). கெட்டியான கட்டிக்கு 8 மடங்காகும் (2-இன் 3-ஆம் அடுக்கு; பரிமாணம் 3). புறணி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். 5.66 மடங்கானால் பரிமாணம் 2.5. பெட்டியின் அளவையும் எண்ணிக்கையையும் மடக்கை (log) அளவில் குறித்த வரைபடத்தில் கோட்டின் சாய்வாகப் படிப்பதும் இதையேதான். அந்த மடங்கு வெறும் 7 விழுக்காடு பிசகினாலே பரிமாணம் 0.1 மாறிவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான பிழை பெட்டி அளவுத் தேர்வில் வருகிறது. பெட்டி 2 மி.மீ.க்கும் கீழே போனால் அது புறணியின் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும். அங்கே மடிப்பு தெரியாது, கெட்டிப் பொருள்தான் தெரியும்; சாய்வு 3-ஐ நோக்கி ஏறும். 30 மி.மீ.க்கு மேலே போனால் எண்ணுவதற்குப் போதிய பெட்டிகளே இருக்காது. ஆக, கோடு நேராக இருப்பது சுமார் 3 முதல் 30 மி.மீ. வரைதான். எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை எடுத்தார்கள் என்று சொல்லாத எண்ணை ஏற்கக் கூடாது. உள்ளே நிரப்பிய புறணியை அளந்தார்களா, மேற்பரப்பை மட்டுமா என்பதும் தெரிய வேண்டும். இரண்டையும் ஒப்பிட முடியாது.

அடுத்தது தலை அசைவு. இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஸ்கேனின்போது தலை அசைந்தால் சாம்பல் பகுதியான புறணிக்கும் அதன் அடியிலுள்ள வெண்பகுதிக்கும் இடையிலான எல்லை மங்கும். புறணி உண்மையில் இருப்பதைவிட மெலிந்ததாகத் தெரியும். குழந்தைகளும் நடுக்கம் உள்ளவர்களும் அதிகம் அசைவார்கள். அப்புறம் இரு குழுக்களுக்கிடையே கிடைத்த வேறுபாடு நோயினால் வந்ததா, அசைவினால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மங்கிய படத்தைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்குவதே நல்லது.

பிரித்தெடுத்த புறணியைப் படத்தின் ஒவ்வொரு வெட்டிலும் கண்ணால் பாருங்கள். மூளையுறை புறணியோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். குறுகிய பள்ளத்தின் இரு கரைகளும் ஒன்றாகிப் பள்ளமே காணாமல் போயிருக்கலாம். பெட்டிகளை அடுக்கிய கட்டத்தின் தொடக்கப் புள்ளியைச் சிறிது நகர்த்தினாலும் எண்ணிக்கை மாறும். அதனால் பல இடங்களில் வைத்து எண்ணிச் சராசரி எடுங்கள். எண்ணும் கணினி நிரலைச் சோதிக்க, பரிமாணம் முன்பே தெரிந்த மெங்கர் கடற்பஞ்சு வடிவம் (திரும்பத் திரும்பத் துளையிட்ட கனசதுரம்) உதவும்: பெட்டியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டே போனால் 2.727 வர வேண்டும்.

வயது ஏற ஏற இந்த எண் குறைகிறது. அல்சைமர் நோயாளர் குழுக்களிலும் சராசரி குறைந்திருக்கிறது. ஆனால் நோயுற்றோர், நலமுள்ளோர் அளவுகள் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. தனி ஒருவருக்கு நோயை உறுதிசெய்யும் எல்லைக்கோடு கிடையாது. எண் கூடுதலாக இருப்பதால் அறிவு அதிகம் என்றும் ஆகாது. குறைந்தது தடிமனா, பரப்பா, மடிப்பா என்பதையும் அது சொல்வதில்லை. அந்த மூன்றையும் தனித்தனியாக அளந்து பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஒருவரின் மாற்றத்தைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பதானால் அதே கருவி, அதே படமெடுப்பு அமைப்பு, மென்பொருளின் அதே பதிப்பு வேண்டும். இடையில் பதிப்பு மாறியிருந்தால் பழைய படங்களையும் புதியதிலேயே மறுபடி ஓட்டுங்கள்.