இரைப்பை ‘வாதம்’ அல்ல, இரைப்பைத் தளர்ச்சி

சாப்பாட்டை ஒதுக்க வைக்கும் உளநோயால் எடை கரைந்துபோன ஒரு பெண்ணின் அம்மா, மருத்துவமனையில் கொடுத்த தாளை என்னிடம் நீட்டினார். ‘காஸ்ட்ரோபரேசிஸ்’ என்று போட்டு, பக்கத்திலேயே ‘இரைப்பை முடக்குவாதம்’ என்று தமிழில் அச்சடித்திருந்தார்கள். “வாதம்னு போட்டிருக்கே, இனிமே அவ வயிறு வேலையே செய்யாதா? டியூப் வழியாத்தான் சாப்பாடா?” என்று கேட்டார். பக்கவாதத்தில் விழுந்த மாமனாரைப் பல வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர். அவர் காதில் ‘வாதம்’ வேறு எப்படி விழும்? மகளோ, அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து முன்பைவிடக் குறைவாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். வேலை செய்யாத வயிற்றில் எதற்குப் போட வேண்டும் என்பது அவள் கேள்வி.

ஒரு சொல்லைத் தப்பாக மொழிபெயர்த்தால் இவ்வளவு தூரம் போகும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காஸ்ட்ரோபரேசிஸ் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. ‘காஸ்டெர்’ என்றால் வயிறு. ‘பரேசிஸ்’ என்றால் பிடி விடுதல், தொய்ந்துபோதல். மருத்துவத்தில் பரேசிஸ் வேறு, முழுதாகச் செயலிழப்பது வேறு. உடம்பின் ஒரு பக்கம் வலுக்குறைந்தால் ஹெமிபரேசிஸ். அந்தப் பக்கம் அசையவே இல்லை என்றால் ஹெமிபிளீஜியா. தமிழில் இரண்டையும் ‘பக்கவாதம்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம். அந்தப் பழக்கம்தான் இரைப்பைக்கும் வந்துவிட்டது. போதாக்குறைக்கு, ‘முடக்குவாதம்’ என்ற சொல்லை மூட்டுகளைத் தாக்கும் வேறொரு நோய்க்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

முன்பாதியில் சிக்கல் இல்லை. இரை போய்ச் சேரும் பை, இரைப்பை. பேச்சில் எல்லாவற்றையும் ‘வயிறு’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் இந்த நோயில் எந்த உறுப்பு என்பது முக்கியம் என்பதால் இரைப்பை என்றே இருக்கட்டும்.

சரி, அங்கே என்ன நடக்கிறது? இரைப்பையின் கீழ்ப்பகுதி நிமிடத்துக்குச் சுமார் 3 தடவை சுருங்கி, சோற்றையும் பருப்பையும் வாசலில் மோதி மோதி அரைக்கிறது. ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு நொறுங்கியதைத்தான் வாசல் சிறுகுடலுக்குள் விடும். சோதனைக்காகக் கொடுக்கும் முட்டை வெள்ளைக்கரு உணவில் துளி கதிரியக்கப் பொருளைக் கலந்து படம் எடுத்துப் பார்ப்பார்கள். 4 மணி நேரம் கழித்தும் அதில் 10 சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் கிடந்தால், வேகம் குறைந்துவிட்டது என்று பொருள். அடைப்பு எதுவும் இல்லாமலேயே இப்படித் தேங்குவதுதான் காஸ்ட்ரோபரேசிஸ். வீட்டில் இது வேறு மாதிரி தெரியும். அந்தப் பெண் ஒரு இட்லியில் பாதி சாப்பிட்டதும் தட்டைத் தள்ளிவிடுவாள். “கல்லு மாதிரி நிக்குதும்மா” என்பாள். ஒரு நாள் மதியம் சாப்பிட்டது இரவு எட்டரைக்கு வாந்தியில் வந்தபோது, பீன்ஸ் துண்டுகள் நறுக்கிய நறுக்கு மாறாமல் இருந்தனவாம். அதுவரை அவள் நடிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, அன்றைக்குத்தான் அந்தப் பேச்சை நிறுத்தினார்.

இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வயிறு நிறைந்த அந்த உணர்வு பொய் இல்லை. காலையில் சாப்பிட்டது இன்னும் உள்ளே கிடக்கும்போது மதியச் சாப்பாட்டுக்கு இடம் ஏது?

இந்தப் பெயர் பரவியது நீரிழிவு வழியாக. 1958-இல் காஸாண்டர் என்ற மருத்துவர், சர்க்கரை நோயாளிகளின் இரைப்பையில் உணவு தேங்குவதைக் கண்டு ‘காஸ்ட்ரோபரேசிஸ் டயாபெட்டிகோரம்’ என்று பெயர் வைத்தார். பல வருடச் சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிடுவதால், அங்கே பாதிப்பு பெரும்பாலும் நிலைத்துவிடும். பட்டினியால் வருவது அப்படி இல்லை. வரும்படி குறைந்த வீட்டில் ஒவ்வொரு விளக்காக அணைப்பது மாதிரி, பட்டினி கிடக்கும் உடம்பு ஒவ்வொரு செலவாகக் குறைக்கிறது. இதயத் துடிப்பு மெதுவாகும், கைகால் சில்லிட்டுப்போகும், இரைப்பையும் குடலும் மெதுவாகும். மலச்சிக்கலும் இதே கணக்கில்தான் வருகிறது. எடை கூடக் கூட வேகமும் திரும்பும். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களிலேயே பலருக்கு வித்தியாசம் தெரியும். ஒரே பெயர்தான், ஆனால் போகிற வழி வேறு. ‘வாதம்’ என்ற சொல் இந்த வேறுபாட்டையே விழுங்கிவிடுகிறது.

சாப்பாட்டை ஒதுக்க வைக்கும் இந்த உளநோயின் பெயரே ஒரு காலத்தில் வயிற்றைச் சுற்றித்தான் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கல் 1868-இல் இதை ‘அபெப்சியா’ என்ற பெயரில் குறிப்பிட்டார். அபெப்சியா என்றால் செரியாமை. அப்புறம், இவர்கள் சாப்பிடுவது மிக முற்றிய நிலையில் தவிர நன்றாகவே செரிக்கிறது என்பதால், அதை விட்டுவிட்டு 1873-இல் ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்றார். அனோரெக்சியா என்றால் பசியின்மை. அதுவும் முழுக்கச் சரியில்லை. பலருக்குப் பசி உள்ளே இருந்துகொண்டேதான் வதைக்கிறது. அதை அப்படியே தமிழில் ‘பசியின்மை’ என்று எழுதினால் காய்ச்சலில் வாய் கசப்பதும் இதுவும் ஒன்றாகிவிடும். ‘உணவு மறுப்பு உளநோய்’ என்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

காஸ்ட்ரோபரேசிஸுக்கு முதலில் நான் நினைத்தது ‘இரைப்பை மந்தம்’. மந்தம் வடமொழிச் சொல்தான், ஆனால் நம் வீட்டுச் சொல்லாகிப் பல காலம் ஆயிற்று. “வயிறு மந்தமா இருக்கு” என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். மெதுவாகிவிட்டது, நின்றுவிடவில்லை என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது. கிட்டத்தட்ட அதையே எழுதியிருப்பேன். ஆனால் மந்தம் என்றதும் கூடவே ஒரு வைத்தியமும் வந்துவிடுகிறது. “ஒரு வேளை பட்டினி போடு, சரியாப் போயிடும்.” லங்கணம் பரம ஔஷதம், பசித்துப் புசி என்று வளர்ந்தவர்கள் நாம். கல்யாண வீட்டில் அதிகம் சாப்பிட்டவருக்கு அது நல்ல வைத்தியம். பட்டினியாலேயே மந்தமான இரைப்பைக்கு அது விஷம். பசி வரட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு நாள் முழுக்கப் பசி வராது. உண்ணாமல் இருக்கக் காரணம் தேடும் நோய்க்கு நாமே ஒன்றை எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

ஆகவே ‘இரைப்பைத் தளர்ச்சி’. பரேசிஸின் பழைய பொருளான தொய்வு இதில் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. தளர்ந்தது தேறும் என்ற எண்ணமும் இந்தச் சொல்லோடு ஒட்டியே வருகிறது. நடக்கப் பழகும் குழந்தையின் நடையைக்கூடத் தளர்நடை என்றுதானே சொல்கிறோம்.

ஒன்றை மட்டும் இந்தச் சொல் மறைத்துவிடக் கூடாது. எடை மிகவும் குறைந்தால் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு மெத்தையும் கரையும். அப்போது சிறுகுடலின் தொடக்கப் பகுதி இரண்டு பெரிய தமனிகளுக்கு நடுவே நசுங்கி, நிஜமாகவே அடைபடலாம். சாப்பிட்டதும் கடும் வலி, பச்சையாகப் பித்த வாந்தி, வயிறு பானை மாதிரி உப்புவது என்று இருந்தால் தளர்ச்சி என்று வீட்டில் உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாக நிறையச் சாப்பிட வைப்பதும் ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால், தொடக்கம் மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும்.

அந்த அம்மாவின் தாளில் ‘முடக்குவாதம்’ என்பதை அடித்துவிட்டு, மருத்துவர் அவரிடம் ஏற்கெனவே வாய்மொழியாகச் சொல்லியிருந்ததைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: “இரைப்பைத் தளர்ச்சி. சாப்பாடு குறைந்ததால் இரைப்பை மெதுவாகியிருக்கிறது. வயிறு நிறைந்த மாதிரி இருப்பது உண்மைதான். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துக் கொடுக்கவும். தொடக்கத்தில் கஞ்சி, பால் போன்றவை சீக்கிரம் இறங்கும்; பச்சைக் காய்கறியும் நார் அதிகமுள்ளவையும் இப்போதைக்குக் குறைவாக. பசிக்காகக் காத்திருக்க வேண்டாம், மணி பார்த்துக் கொடுக்கவும்.” அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு ‘மெதுவாகியிருக்கிறது’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, “அப்போ நிக்கல” என்றார்.