சொல் விளக்கம்: மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் – ஊட்டுவதா, எடுப்பதா?

இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங்’ என்ற ஆங்கிலச் சொற்றொடர் என் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் மருந்தை இடையில் விட்டுவிடாமல் தொடர்வதற்கு உதவும் ஒரு பேச்சுமுறையின் பெயர் அது; வந்திருப்பது அம்முறையைப் பற்றிய கையேடு. அதன் தமிழ் வரைவில், தலைப்பிலேயே, தடித்த எழுத்தில் ‘ஊக்கமூட்டும் நேர்காணல்’ என்று இருந்தது. பினாங்கில் மருத்துவக் கையேடுகளுக்கு மொழிபெயர்ப்பும் மெய்ப்பும் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் முதல் தடவை அதை அடித்துத் திருத்தினேன். இரண்டாம் தடவை ஓரத்தில் அரைப்பக்கக் குறிப்பு எழுதினேன். திருத்தம், குறிப்பு இரண்டுமே அச்சுக்குப் போகும் வழியில் காணாமற்போயின. ஆகவே இந்தத் தடவை காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

மூலச்சொற்களின் வரலாறு சிறியது. ‘மோட்டிவ்’ என்பது அசைதல், நகர்த்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘இன்டர்வியூ’ என்பது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுதல் என்னும் பொருளில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இரண்டையும் சேர்த்து ஒரு பேச்சுமுறைக்குப் பெயராக்கியவர் வில்லியம் மில்லர் என்னும் அமெரிக்க உளவியலாளர். 1982இல் நார்வே நாட்டின் பெர்கன் நகருக்கு அருகே ஒரு மருத்துவமனையில் அவர் தங்கியிருந்தபோது, அங்கிருந்த இளம் உளவியலாளர்கள், குடியை விட இயலாதவர்களிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதை நடித்துக் காட்டச் சொன்னார்கள். இடையிடையே நிறுத்தி, ஏன் இந்தக் கேள்வி, ஏன் அந்தக் கேள்வி இல்லை என்று துளைத்தார்கள். அந்த விடைகளே 1983இல் கட்டுரையாயின. பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து 1991இல் அதை நூலாக விரித்தார். குடியிலிருந்து புகை, நீரிழிவு, எச்.ஐ.வி. மருந்து என்று அது பரவியது பின்னாளில்.

பெயரைத் தமிழாக்க முற்படுகிறவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, அந்த முறை எதற்கு மாற்றாக வந்தது என்பதைத்தான். அக்காலத்து அமெரிக்கச் சிகிச்சை நிலையங்கள் பலவற்றில், குடிப்பவரை எதிரே உட்காரவைத்து, அவருடைய மறுப்பை உடைக்கும்வரை கடிந்து பேசுவதே சிகிச்சையாக இருந்தது. மில்லர் கண்டது வேறு: கடிந்து பேசப் பேச மனிதர் தம் பழக்கத்துக்கு வாதாடத் தொடங்குகிறார், தாம் வாதாடியதைத் தம் காதாலேயே கேட்டு இன்னும் உறுதியாகிறார். அப்படியானால், மாறுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்லவைத்தால் என்ன? இதுதான் முறையின் உயிர். காரணம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. கேட்பவரின் வேலை அதை வெளியே எடுப்பது.

இப்போது ‘ஊக்கமூட்டும்’ என்பதைப் பாருங்கள். ‘உண்’ என்பதன் பிறவினை ‘ஊட்டு’. சோறு ஊட்டுகிறோம், பால் ஊட்டுகிறோம். ஊட்டுகிறவர் கையில் ஒன்று இருக்கிறது, உண்பவரிடம் அது இல்லை, வாயைத் திறந்தால் போதும். மில்லரின் முறை எதைச் செய்யக்கூடாது என்று சொல்கிறதோ, சரியாக அதையே இந்தத் தமிழ்த் தொடர் செய்யச் சொல்கிறது. ஒரு சொல் மூலத்தைவிடக் கொஞ்சம் குறைவாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் மிகுதியாகச் சொன்னாலும் போகட்டும் என்று விடலாம். தலைகீழாகச் சொன்னால் எப்படி விடுவது?

‘நினைவூட்டல்’, ‘மகிழ்வூட்டல்’ என்றெல்லாம் வழங்குகிறதே, அங்கே உணவின் வாடை போய்விட்டதே என்று ஒரு நண்பர் வாதிட்டார். போய்விட்டது உண்மைதான். ஆனாலும் நினைவூட்டுகிறவர் ஒருவர், மறந்தவர் இன்னொருவர் என்ற பிரிவினை போகவில்லை. பொருள் இங்கிருந்து அங்கே போகிறது என்ற திசையும் போகவில்லை. என் சண்டை சோற்றோடு அன்று, அந்தத் திசையோடுதான். பழந்தமிழில் ‘ஊக்கு’ என்னும் வினை இந்தத் திசை இல்லாமலும் வழங்கியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ‘நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந்து ஊக்கின்’ என்று வள்ளுவர் எழுதும்போது, ஊக்குகிறவன் கொம்பில் இருப்பவனே. கீழே நின்று யாரும் அவனைத் தள்ளவில்லை. ஊக்கத்தைப் பற்றிய தனி அதிகாரத்துக்கு அவர் வைத்த பெயரும் ‘ஊக்கமுடைமை’: உடையவனிடம் இருக்கும் பொருள் அது. ஆக, ‘ஊக்கம்’ என்ற சொல்லில் குற்றமில்லை. பின்னால் ஒட்டிக்கொண்ட ‘ஊட்டும்’தான் அதைக் கெடுக்கிறது.

‘நேர்காணல்’ என்ற இரண்டாம் பாதியின் கதை வேறு. சொற்பொருளாகப் பார்த்தால் நேருக்கு நேர் காணுதல், அதாவது பிரெஞ்சு மூலத்துக்கு அச்சாகப் பொருந்துவது. வழக்குத்தான் அதைக் குறுக்கிவிட்டது. நம் நாட்டில் நேர்காணல் என்றால் ஒன்று, வானொலியில் நடிகரிடம் பேசுவது. இல்லையென்றால், சான்றிதழ்க் கோப்போடு போய் உட்காருவது. மலாய்க்காரர்கள் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள்: வேலைக்கு என்றால் ‘தெமுடுகா’, கலந்து பேசுவது என்றால் ‘தெமுபுவால்’. முன்னதில் ஆழம் பார்ப்பது இருக்கிறது, பின்னதில் அரட்டை இருக்கிறது. நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, மூன்றாவதாக மருந்து முகப்புக்கும் அதையே தூக்கிப் போகிறோம். ஒரு கிளினிக்கில் தன்னார்வ மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்த நாளில், ‘அடுத்த மாதம் நேர்காணல்’ என்று எழுதிய அட்டையை நீட்டி ஒருவர் என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “இதுல பாஸாகலன்னா மருந்து குடுக்க மாட்டாங்களா சார்?” அரசு மருத்துவமனைகளில் முதல் வரிசை மருந்து இலவசமாகக் கிடைக்கும் நாட்டில், ஒரு மொழிபெயர்ப்பு அவரை ஒரு மாதம் தூங்கவிடாமல் செய்திருக்கும்.

இனி, எதிர்த்தரப்பின் வலுவான சொல்லுக்கு வருகிறேன். கோலாலம்பூரில் உள்ள சிலர் ‘தன்முனைப்பு நேர்காணல்’ என்கிறார்கள். மலேசியத் தமிழில் ‘மோட்டிவேஷன்’ என்பதற்குத் ‘தன்முனைப்பு’ வேரூன்றிப் பல ஆண்டுகளாகிவிட்டன. ‘தன்’ என்று தொடங்குவதால் உள்ளிருந்து வருவது என்ற குறிப்பும் கிடைக்கிறது. காகிதத்தில் இதுவே எல்லாவற்றிலும் சிறந்ததாகத் தோன்றும். நானே சில காலம் அப்படி நம்பியிருந்தேன். மனம் மாறியதற்குக் காரணங்கள் உண்டு. கடல் கடந்தால் சொல் கவிழ்ந்துவிடுகிறது என்பது ஒன்று: தமிழ்நாட்டில் ‘அவருக்குத் தன்முனைப்பு அதிகம்’ என்றால் செருக்குக்காரர் என்று பொருள். சென்னையிலிருந்து ஒரு மருத்துவர் இந்தக் கையேட்டைப் படித்தால், நோயாளியின் அகந்தையை விசாரிக்கும் முறை இது என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு. ஆயினும் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. நம் கையேடு நம் மக்களுக்கு. சென்னைக்காக நம் வழக்கைத் திருத்த வேண்டியதில்லை.

நம் வழக்கிலேயே அந்தச் சொல்லுக்கு ஏறிவிட்ட ஓசைதான் எனக்குப் பெரிய தடை. இங்கே தமிழ்ப்பள்ளியில் படித்து வளர்ந்தவரிடம் ‘தன்முனைப்பு’ என்று சொன்னால் அவர் கண்முன் வருவது ஒரு மண்டபம். ஆறாம் ஆண்டுத் தேர்வுக்கு முன் வரிசையாக உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள், ஒலிவாங்கியும் கையுமாக மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கும் பேச்சாளர், ‘முடியுமா?’ என்று அவர் கத்த, ‘முடியும்!’ என்று இவர்கள் கத்த, கடைசியில் விளக்கை அணைத்து, அம்மா அப்பாவின் தியாகத்தைச் சொல்லி அழவைப்பது. யு.பி.எஸ்.ஆர். என்னும் அந்த ஆறாம் ஆண்டுத் தேர்வே 2021இல் எடுக்கப்பட்டுவிட்டது. அந்த மண்டபத்தின் நினைவு எடுபடவில்லை. ஒருவர் மட்டுமே பேசும் அந்தக் காட்சியின் பெயரை, மற்றவர் பேசவேண்டும் என்பதற்காகவே உண்டான ஒரு முறைக்கு வைப்பது எப்படிப் பொருந்தும்?

தனித்தமிழ்ப் பற்றுடைய மூத்த நண்பர் ஒருவர் ‘உளவூக்க உசாவல்’ என்றார். உசாவுதல் என்றால் கலந்து ஆராய்தல். அருமையான சொல், எனக்கும் அதன்மேல் ஆசைதான். ஆனால் ‘உசாத்துணை’ என்று நூலின் கடைசிப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும் வினையை, வாழ்நாள் முழுவதும் மாத்திரை போடவேண்டும் என்று அன்றுதான் கேள்விப்பட்டவரின் முன் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தூய்மைக்கும் தெளிவுக்கும் இடையே நான் எப்போதும் நடுவில் நிற்பவன் அல்லன். மருந்து என்று வந்துவிட்டால் தெளிவின் பக்கம் போய்விடுவேன்.

நான் எழுதுவது ‘உள்ளூக்க உரையாடல்’. ஊக்கம் எங்கே இருக்கிறது என்பதை முதற்சொல் சொல்லிவிடுகிறது. இருவரும் பேசுகிறார்கள் என்பதை இரண்டாம் சொல் சொல்லிவிடுகிறது. எந்தச் சொல்லுக்கும் அகராதி தேவையில்லை. ‘இன்டர்வியூ’வில் உள்ள ‘பார்த்தல்’ இதில் விடுபட்டுப் போகிறது என்பது உண்மை. அந்த இழப்பை ஏற்கிறேன்.

சொல் பொருந்துகிறதா என்று பார்க்க, அந்த உரையாடலையே ஓர் எடுத்துக்காட்டால் அருகில் வைத்துப் பார்ப்போம். பினாங்கின் பிறை என்னும் ஊரில் உள்ள தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் மருந்தைத் தவறவிடுகிறார். ஊட்டும் முறையில் மருந்தாளர், “அண்ணே, மருந்த விடக்கூடாது, பிள்ளைய நினைச்சுப் பாருங்க” என்பார். “சரிம்மா” என்று அவர் தலையாட்டிவிட்டுப் போவார். மற்ற முறையில் பேச்சு இப்படிப் போகும்:

“அஞ்சு நாள் தவறாம எடுத்திருக்கீங்கண்ணே. அந்த அஞ்சு நாளும் எப்படி முடிஞ்சது?”

“வேலை முடிஞ்சு வந்து மகள ஸ்கூல் பஸ்ல ஏத்திவிட்டுட்டுத்தாம்மா படுப்பேன். அப்பவே போட்டுக்குவேன்.”

“மகள ஏத்திவிடுறதும் மருந்தும் சேர்ந்தே நடக்குது.”

“ஆமாம்மா... சனி ஞாயிறு பஸ் இல்ல. அதான் விட்டுப்போகுது போல.”

தவறிய நாள்கள் எவை, ஏன் என்பதை அவரே கண்டுபிடித்தார். மருந்தாளர் எதையும் ஊட்டவில்லை. தகவல் சொல்லவே கூடாது என்பதும் இல்லை: இரத்தத்தில் வைரஸ் ஒரு மில்லிலிட்டருக்கு 200 நகல்களுக்குக் கீழேயே நிலைத்திருந்தால் உடலுறவின் வழியே துணைவருக்குத் தொற்றாது என்ற செய்தி மிக முக்கியமானது. அதையும் “ஒன்னு சொல்லலாமாண்ணே?” என்று கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும், சொன்னபின் அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்க வேண்டும். இந்த முறையால் மருந்து தவறுவது குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகளில் சிலவற்றில் பயன் தெரிந்தது, சிலவற்றில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முறையை நன்கு கற்றுக்கொள்ளாமல், ‘ஊட்டும்’ பழக்கத்தோடு செய்தால் பலன் எங்கிருந்து வரும் என்பது என் சொந்த ஐயம்.

தலைப்போடு போயிருந்தால் இவ்வளவு புலம்பியிருக்க மாட்டேன். அதே வரைவில், மாறவேண்டும் என்று நோயாளி தாமாகச் சொல்லும் சொற்களுக்கு ‘மாற்றப் பேச்சு’ என்று பெயர். தமிழில் பேச்சு மாறுவது என்றால் சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் போவது என்பதை மொழிபெயர்த்தவர் ஒரு கணம் எண்ணிப்பார்க்கவில்லை. மருந்தைத் தவறாமல் எடுப்பதற்கு ‘மருந்து இணக்கம்’ என்று இன்னொன்று. மலாய்க் கையேட்டில் உள்ள ‘பாத்தோ’, அதாவது கீழ்ப்படிதல், இவர் கையில் இணக்கமாகிவிட்டது போலும். உலகச் சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையிலேயே கீழ்ப்படிதல் என்ற எண்ணத்தை விலக்கி, நோயாளியும் சேர்ந்து ஒப்புக்கொண்டதைத் தொடர்வது என்று வரையறுத்துவிட்டது. நமக்கோ ‘கடைப்பிடித்தல்’ என்ற சொல் குறளில் மருந்து அதிகாரத்திலேயே காத்திருக்கிறது: ‘அற்றது அறிந்து கடைப்பிடித்து’. இவற்றுக்கெல்லாம் மேலாக, முன்னுரையில் ‘உயிர்க்கொல்லி நோய்’ என்ற நாளிதழ்ச் சொல். முதற்பக்கத்தில் ‘உன்னைக் கொல்லப்போகிறது’ என்று அறிவித்துவிட்டு, ஏழாம் பக்கத்தில் ‘மருந்தைத் தொடருங்கள்’ என்று கேட்கிறோம்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்தியது ஓர் எண். இந்த முறையில் ஓர் அளவுகோல் கேள்வி உண்டு. மருந்தைத் தவறாமல் எடுப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், 0 முதல் 10 வரை சொல்லுங்கள் என்று கேட்பார்கள். அவர் 6 என்றால், அடுத்த கேள்வி ‘ஏன் 3 என்று சொல்லவில்லை?’ என்பது. ‘ஏன் 10 இல்லை?’ என்று கேட்டால் முடியாமைக்கான காரணங்கள் வரிசையாக வரும். ‘ஏன் 3 இல்லை?’ என்று கேட்டால், மகள், வேலை, உடம்பு தேறியது என்று வேண்டும் காரணங்கள் வரும். முறை முழுவதும் அந்த ஓர் எண்ணில் இருக்கிறது. வரைவில் யாரோ அதை எழுத்துப்பிழை என்று கருதி, 3ஐ அடித்து 10 ஆக்கியிருக்கிறார்கள். நான் மீண்டும் 3 என்று எழுதி, பக்கத்தில் ‘பிழையன்று, இப்படியே இருக்கட்டும்’ என்று குறித்து நேற்று அனுப்பியிருக்கிறேன்.