இன்ஃப்ளேமபிள்னா தீப்பிடிக்காதுன்னு அர்த்தம் இல்லைங்க

பெட்ரோல் டேங்கர் லாரி பின்னாடி "ஹைலி இன்ஃப்ளேமபிள்"னு பெருசா எழுதியிருக்கும், எல்லாரும் பார்த்திருப்பீங்க. பெட்ரோல்னு தெரிஞ்சதால அங்க யாரும் குழம்பறதில்ல. ஆனா அதே வார்த்தை தின்னர் டின்லயோ பசை டப்பாவுலயோ பொடி எழுத்துல இருந்தா? நான் ஃபேக்டரி சேஃப்டில இருக்கேன், புதுசா வர்ற பசங்களுக்கு டிரெய்னிங் எடுக்கும்போது லேபிளைக் காட்டி என்ன அர்த்தம்னு கேட்டா, யாராவது ஒருத்தர் "தீப்பிடிக்காது சார்"னு அடிச்சு சொல்லுவாங்க. அவங்க மேல தப்பே இல்ல, இன்கரெக்ட்னா கரெக்ட் இல்ல, இன்விசிபிள்னா கண்ணுக்குத் தெரியாது, அப்ப இதுவும் அப்படித்தானேன்னு தோணத்தான் செய்யும்.

லத்தீன்ல "இன்" ரெண்டு இருக்கு. ஒண்ணு இல்லைன்னு மறுக்கறது, இன்னொண்ணு "உள்ளே"ங்கற மாதிரி வர்றது. இந்த வார்த்தை ரெண்டாவது வகை, தீ மூட்டுறதுக்கு லத்தீன்ல இருக்கற "இன்ஃப்ளமாரே"லேர்ந்து வந்தது. உடம்புல சிவந்து வீங்கி எரியறதுக்கு டாக்டருங்க சொல்ற இன்ஃப்ளமேஷனும் இதே வேர்தான். ஃப்ளேமபிள்ங்கறது ரொம்ப பின்னாடி 19-ம் நூற்றாண்டுல வந்த வார்த்தை, அர்த்தம் ரெண்டுக்கும் ஒண்ணுதான்: சுலபமா தீப்பிடிக்கும். இந்தக் குழப்பம் ஆபத்துன்னு 1920-கள்லயே அமெரிக்காவோட நேஷனல் ஃபயர் புரொடெக்‌ஷன் அசோசியேஷன் ஃப்ளேமபிள்னே எழுதுங்கன்னு சொல்ல ஆரம்பிச்சுது, 1959-ல பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட்ஸ் இன்ஸ்டிடியூஷனும் அதையே சொல்லிச்சு. நம்ம ஊர்ல இன்னும் பழசுதான் ஓடுது. நிஜமாவே தீப்பிடிக்காத பொருள்னா நான்-ஃப்ளேமபிள்னு போட்டிருக்கும்.

அதனால எழுத்தை விடுங்க, படத்தைப் பாருங்க. சிவப்பு பார்டர் போட்ட டைமண்டுக்குள்ள நெருப்பு வரைஞ்சிருந்தா முடிஞ்சுது, பக்கத்துல பீடி, வெல்டிங், அடுப்பு எதுவும் கூடாது. எரியறது தண்ணியா இருக்கற பெட்ரோல் இல்ல, அதுலேர்ந்து கிளம்பற ஆவி. மைனஸ் 40 டிகிரி குளிர்லயே தீப்பிடிக்கற அளவுக்கு ஆவி விடும்னா நம்ம வெயில்ல கேக்கணுமா? அந்த ஆவி காத்தை விட கனம், தரையோட தவழ்ந்து அடுத்த ரூம் அடுப்பு வரைக்கும் போகும். காலி டிரம்முல ஒண்ணும் இல்லன்னு கேஸ் தீயால வெட்டற கேஸ் கட்டிங் வைக்கறாங்க பாருங்க, எனக்கு வயித்தைக் கலக்கறது அதுதான், உள்ள ஆவியும் காத்தும் கலந்து நிக்கும், நிறைஞ்ச டிரம்மை விட அது மோசம், கழுவி ஆவி இல்லன்னு செக் பண்ணாம தொடவே கூடாது.

கடையோ குடோனோ வெச்சிருக்கறவங்க இன்னைக்கே ஒரு மார்க்கர் எடுத்து டின் மேல "தீப்பிடிக்கும்"னு தமிழ்ல எழுதுங்க. வடக்கேயிருந்து வந்த பசங்க வேலை செஞ்சா ஹிந்திலயும் எழுதிடுங்க.